இன்னொண்ணு வேணுமுங்க!

திருப்பூர்ப் பக்கம் ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்குள் போய், "சிஸ்டம் சார் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே கை காட்டுவார்கள். கால் உடைந்த நாற்காலிகள், போன சீசன் சாம்பிள் மூட்டைகள், ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்த சர்வர், இவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். சித்திரை மாதத்தில் மட்டும் அவருக்கு நண்பர்கள் அதிகம். காரணம் அந்த அறையின் ஏசி.

ஊரே 'ஒன்று இருக்கிறதே' என்று நிம்மதியாக இருக்கும் இடத்தில், 'ஒன்றுதானே இருக்கிறது' என்று தூக்கம் கெடுகிற பிறவி இவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, போனில் இரண்டு சிம், செருப்புக்கடியில் மாற்றுச் சாவி. ஊருக்குப் போனால் பஸ், ரயில் இரண்டிலும் டிக்கெட் எடுத்துவைப்பார் என்று அக்கவுன்ட்ஸில் ஒரு வதந்தி உண்டு. அவர் மறுத்ததில்லை.

அவருடைய தீராக் கவலை, டொமைன் கன்ட்ரோலர். காலையில் யார் பாஸ்வேர்டு அடித்தாலும் 'நம்ம ஆள்தான், விடு' என்று சொல்கிற சர்வர் அது. அது படுத்தால் உடனே தெரியாது. ஏற்கெனவே பழகியவர்களைக் கணினிகள் பழைய ஞாபகத்திலேயே உள்ளே விட்டுவிடும். ஆனால் டிஎன்எஸ்ஸும் அதே பெட்டியில்தான் இருக்கும். எனவே முதலில் இன்டர்நெட் போகும், பிறகு ஷேர் ஃபோல்டர் போகும், கடைசியில் முதலாளியின் மெயில் போகும். மெயில் போன பிறகுதான் அது கம்பெனியின் பிரச்சினையாகும். அதுவரை அவருடைய பிரச்சினை.

கம்பெனியில் ஓடியது சர்வர் 2012 ஆர்2. மைக்ரோசாஃப்ட் அதற்குத் தந்த வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்தது. மறுநாளே முதலாளி கூப்பிட்டார்.

"ஏந்தம்பி, நேத்தோட முடிஞ்சுதுன்னீங்க, இன்னும் ஓடுதே?"

"ஓடுமுங்க. ஓட்டை விழுந்தா அடைக்கத்தான் ஆள் வராதுங்க."

"விழட்டும், அப்பப் பாத்துக்கலாம்."

பல மாதம் நச்சரித்து, சர்வர் 2022-க்குக் கொட்டேஷன் நீட்டினார். இரண்டு சர்வர். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணுக்கே யோசனையா இருக்குது, ரெண்டு எதுக்கு?" ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும், பாஸ்வேர்டு ஒன்றில் மாறினால் மற்றதிலும் மாறிக்கொள்ளும் என்றெல்லாம் விளக்கினார். எதுவும் ஏறவில்லை. கடைசியில் காப்பாற்றியவர் பழைய கணக்குப்பிள்ளை. "ஏனுங்க முதலாளி, கணக்கு நோட்டே நாம ரெண்டு வெச்சிருக்கறமுங்க. சர்வர் மட்டும் ஒண்ணு போதுமுங்களா?" கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு முதலாளி கையெழுத்துப் போட்டார்.

இரண்டையும் ஒரே அறையில், ஒரே யூபிஎஸ்ஸில் வைத்தால் அது ஒன்றுதான் என்பது சிஸ்டம் சாரின் கணக்கு. ஆகவே இரண்டாவது, பேக்கிங் யூனிட்டுக்குக் குடிபோனது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வேலை ஆரம்பம். பழைய பெட்டியின் மேலேயே புதியதை ஏற்ற மாட்டார். புதியதைப் பக்கத்தில் நிறுத்தி, டொமைனில் சேர்த்து, ரெப்ளிகேஷன் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்து, ஐந்து எஃப்எஸ்எம்ஓ பதவிகளையும் ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுப்பார். அதில் ஒரு பதவி, மற்ற எல்லோருக்கும் நேரம் சொல்வது. கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால் கெர்பரோஸ் கதவைத் திறக்காது. அந்தக் கம்பெனியில் நேரம் தவறியவரை உள்ளே விடாதது அது ஒன்றுதான்.

பிறகு பழைய சர்வரை அணைத்துவிட்டு, எங்கிருந்து கத்தல் வருகிறது என்று பார்க்க வேண்டும். இதுதான் தொழிலின் நிஜப் பரீட்சை. வந்தது கைரேகை மெஷினிலிருந்து. யாரோ எந்தக் காலத்திலோ அதில் பழைய ஐபியைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வருகை எதுவும் பதிவாகவில்லை. அன்று அத்தனை பேரும் எட்டரைக்கே வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

"இப்பத்தான் ரெண்டு இருக்குதுங்களே, பேக்கப் வேற எதுக்கு?" என்று யாராவது டீக்கடையில் கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். மேர்ஸ்க் கதை வரும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் அந்த டென்மார்க் கப்பல் கம்பெனிக்குள் புகுந்தது. உலகம் முழுக்க சுமார் 150 டொமைன் கன்ட்ரோலர்கள், ஒன்றுக்கொன்று துணை என்று நம்பித் தனியாகப் பேக்கப் வைக்காதவை, ஒன்றாகவே போயின. தப்பியது கானாவில் ஒன்றே ஒன்று. அந்த நேரம் பார்த்து அங்கே கரண்ட் கட்! அதிலிருந்த தரவை நேரில் கொண்டுபோக அங்குள்ள ஊழியர்களுக்கு இங்கிலாந்து விசா இல்லை. ஒருவர் நைஜீரியா வரை கொண்டுபோய் விமான நிலையத்தில் கைமாற்ற, இன்னொருவர் லண்டனுக்குப் பறந்தார். "ஆளுக்கும் பேக்கப் வேணுமுங்க" என்று முடிப்பார். டீக்காசு கேட்டவர் தலையில்.

ஒரு மாதம் எதுவும் கெடவில்லை. பேக்கிங் யூனிட்டுக்கு வந்த முதலாளி, விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்த இரண்டாவது சர்வரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இது சும்மாதானே நிக்குது? டாலியை இதுல போட்டுட்டா என்ன?"

டொமைன் கன்ட்ரோலரில் வேறெதையும் ஏற்றக்கூடாது என்பது சிஸ்டம் சாருக்கு வேதம். ஆனாலும் முகம் மலர்ந்தது.

"இதுல வேண்டாமுங்க. டாலிக்குத் தனியா வாங்கிடலாமுங்க."

"இன்னொண்ணா?"

"ரெண்டுங்க."