மாமாவுக்கு ஒரு ஷாக்

ஷார்ஜா,
சனிக்கிழமை இரவு.

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அங்கே நீங்கள், அத்தை, பட்டறை, பட்டறை வாசலில் படுத்திருக்கும் கறுப்பன் எல்லோரும் நலம்தானே? போன வாரம் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "என்னடா மாப்பிள்ளை, வேலை போயிடுச்சா?" என்று கேட்டிருந்தீர்கள். முழங்கை வரைக்கும் கிரீஸ், நெற்றியில் விபூதி மாதிரி இன்னொரு இழுப்பு, முதுகுக்குக் கீழே அட்டைப்பெட்டி. வேலை போகவில்லை. கைக்காசைக் கொடுத்துத்தான் அப்படிப் படுத்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் அத்தை பிடுங்கி "சாப்பிட்டியா" என்பார். அதனால்தான் கடிதம்.

எட்டாம் வகுப்பு லீவில் சங்ககிரிப் பட்டறையில் உங்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது ஞாபகம் இருக்கும். பதினேழு கேட்டால் பத்தொன்பதை நீட்டுவேன். "இவனுக்கு இரும்பு ஒத்துவராது அக்கா, கணக்குப் படிக்க வை" என்று அம்மாவிடம் சொன்னது நீங்கள்தான். நானும் பி.காம். படித்தேன், விசா வந்தது, ஏசி அறையில் உட்கார்ந்து அடுத்தவன் கணக்கை நேர் பண்ணுகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை அரை நாள் முடிந்ததும் கை தானாகப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைத் தேடுகிறது. இப்போது சரியாக எடுத்துவிடுவேன், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வண்டி நிசான் பேட்ரோல். பெட்ரோல் இல்லை, பேட்ரோல். குடிப்பது மட்டும் பெட்ரோல். 4.8 லிட்டர், ஆறு சிலிண்டர். 2008 மாடல், மீட்டரில் 2,80,000 கிலோமீட்டர். முன்னாலும் பின்னாலும் நம் லாரி மாதிரி ஒரே கட்டை ஆக்சில்; பட்டைக்குப் பதில் நாலு மூலையிலும் காயில் ஸ்பிரிங். 2010-இல் வந்த அடுத்த மாடலில் நாலு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷன் ஆகிவிட்டது. சொகுசுதான், ஆனால் இங்கே மணலில் ஏறுகிறவர்கள் பழைய கட்டை ஆக்சிலை விடமாட்டேன் என்கிறார்கள். நானும் விடவில்லை. எனக்குக் காரணம் விலை.

இந்தக் கூத்து ஆரம்பித்தது சாம்பாரால். மலீஹா பக்கம் ஃபோசில் ராக் என்று ஒரு குன்று இருக்கிறது, சுற்றிலும் சிவப்பு மணல். டயர் காற்றை 35-இலிருந்து 15-க்கு இறக்கிக்கொண்டு எல்லோரும் அங்கே போவார்கள். நாங்களும் டிபன் கேரியரோடு போனோம். ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது அடியில் "டங்" என்று ஒரு சத்தம். பழைய ஸ்பிரிங் தொய்ந்து போனதில் ஆக்சில் நேராகப் போய்க் கட்டை ரப்பரில் இடித்திருக்கிறது. கேரியரின் இரண்டாவது அடுக்கு திறந்து சாம்பார் வண்டிக் கூரையில் அப்பிக்கொண்டது. ஒரு முருங்கைக்காய்த் துண்டு முன் கண்ணாடியில் ஒட்டி மெதுவாக இறங்கி வந்ததை என் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

புது செட் விலை கேட்டேன். ஊரில் ஒரு ஜோடி எருமை வாங்கிவிடலாம். அப்புறம்தான் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியா ஞாபகம் வந்தது. மாமா, நீங்கள் ஒரு தடவை இங்கே வந்தே ஆகவேண்டும். அத்தைக்குத் துபாய் மாலைக் காட்டிவிட்டு உங்களை இங்கே இறக்கிவிடுகிறேன். தெருத் தெருவாகப் பழைய உதிரி பாகக் கடைகள். ஜப்பானில் பாதியாக அறுத்த வண்டிகளின் மூக்குப் பாதி மட்டும் கன்டெய்னரில் வந்து இறங்கும். ஒரு கடையில் கியர்பாக்ஸ் மலை, பக்கத்தில் கதவுகள் மட்டும் புத்தகம் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். எதைக் கேட்டாலும் பதில் "மாஃபி முஷ்கில்". பிரச்சினை இல்லை என்று அர்த்தம். அதைக் கேட்டதும் பிரச்சினை ஆரம்பிக்கிறது என்று நான் புரிந்துகொள்ள ஆறு மாதம் ஆனது.

முதல் கடையில் ஷாக்கப்சர் நாலு, பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். அப்போதுதான் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது: "டீசல் போட்டுத் துடைச்ச ஷாக்கை வாங்காதே, ஒழுகறதை மறைச்சிருப்பான்." தண்டைப் பிடித்து அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஆயில் சின்ன ஓட்டைகள் வழியாகப் போகவேண்டும், கைக்கு ஒரே சீரான எதிர்ப்புத் தெரியவேண்டும். இது நடுவழியில் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கிவிட்டது. கையை விட்டால், காஸ் உள்ளது என்றால் தானாக மெல்ல எழும்பி வரவேண்டும். எழும்பவில்லை. கடைக்காரர் கரக் சாயா வாங்கிக் கொடுத்து, "வண்டியில் மாட்டினால் எழும்பும் பாய்" என்றார். சாயாவை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

நாலாவது கடையில் அதிர்ஷ்டம். வண்டியை இன்னும் உயர்த்தும் பெரிய கிட்டுக்குத் தாவிய யாரோ ஒரு பாலைவனப் பைத்தியம் கழற்றிப் போட்ட செட். நாலு ஸ்பிரிங்கும் ஆஸ்திரேலியச் சரக்கு, ஒரு வருஷம்கூட ஓடியிருக்காது. ஷாக்கின் குரோம் தண்டில் நகத்தால் வருடிப் பார்த்தேன், கீறல் இல்லை. கீறல் இருந்தால் சீலை அறுத்துவிடும் என்பதும் உங்கள் பாடம்தான். முன் ஜோடியைச் சமதளத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து உயரம் பார்த்தேன். வளையங்கள் ஒன்றோடொன்று உரசிய பளபளப்பு இல்லை, கடைசிச் சுற்றில் துரு அரிப்பு இல்லை. மொத்தம் 900 திர்ஹாம். ஒன்றரை இஞ்ச் உயரும் என்றார்கள். அதற்கு மேல் ஆசைப்படவில்லை. இஷ்டத்துக்கு உயர்த்திக்கொண்டு போனால் முல்கியா என்ற வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும்போது பாஸிங் சோதனையில் மாட்டிக்கொள்வோம். அனுமதி, காகிதம் எல்லாம் இங்கே கறார். நான் கணக்குப்பிள்ளை, காகிதத்துக்கு மட்டும் பயப்படுவேன்.

தெரிந்த மலையாளி அண்ணனின் கராஜில் மாட்டினோம். கட்டை ஆக்சிலில் ஒரு சௌகரியம்: சேஸிஸுக்கு முட்டுக் கொடுத்து, ஷாக்கைக் கழற்றி ஆக்சிலைக் கீழே தொங்கவிட்டால் ஸ்பிரிங் தானாகக் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸை மட்டும் இழுத்துவிடக் கூடாது. மூன்று மணிநேரத்தில் "கலாஸ்" (முடிந்தது) என்றார் அண்ணன். வண்டி கம்பீரமாக நின்றது. அடியில் படுத்திருந்தபோது எடுத்த அந்த போட்டோவை உங்களுக்கு அனுப்பினேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே தொடங்கிவிட்டது. வேகத்தடையில் ஏறினால் அடியில் "கீச்", இறங்கினால் "கீச்". குடும்பத்தோடு எலி வாங்கி வந்த மாதிரி இருந்தது. நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் திருப்பினால் தானாகத் திரும்பி வரவில்லை. வண்டி நேராகப் போகும் எண்ணமே இல்லாமல் இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனது. பின்பக்கமோ, தாத்தாவின் வில்வண்டியில் வில்லைக் கழற்றிவிட்டு ஓட்டின மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டது.

உங்களுக்கு போன் போட்டேன், நீங்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "புஷ் போல்ட்டை வண்டி தூக்கில் தொங்கும்போதே முறுக்கிட்டியா?" ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் ஒரு நீண்ட மௌனம். இறக்கி, சக்கரத்தில் பாரம் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுகியே இருக்கும், சத்தம் போடும், சீக்கிரம் கிழியும். மறுநாள் எல்லாவற்றையும் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிற்கவைத்து மறுபடி முறுக்கினேன். எலிகள் போய்விட்டன.

ஸ்டியரிங் விஷயம் எனக்கே அப்புறம் விளங்கியது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் கையை விட்டு ஓட்டமுடிவதற்கு ஒரு காரணம்தானே? இங்கேயும் அதே சாய்வு இருக்கிறது; வண்டியை உயர்த்தினால் முன் ஆக்சில் கொஞ்சம் உருண்டு அந்தச் சாய்வு குறைந்துவிடுகிறது. துளை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும் புஷ் ஒன்று விற்கிறார்கள். அதை முன் ஆர்மில் அடித்து ஏற்றினால் சாய்வு திரும்பிவிடும். அதை மட்டும் புதிதாக வாங்கினேன். ரப்பரில் பழசு கூடாது என்பதும், யூ போல்ட்டில் பழசு கூடாது என்பதும் உங்கள் பட்டறையில் சுவரில் எழுதாத சட்டம்.

பின் ஸ்பிரிங்குக்கு நீங்கள் கேட்ட ஒரே கேள்விதான் என்னைக் கொன்றது. "அவன் பின்னால என்ன பாரம் ஏத்தியிருந்தான்னு கேட்டியாடா?" கேட்கவில்லை. மறுநாள் போய்க் கேட்டால், செட்டைக் கழற்றிப் போட்ட மனிதர் பின்னால் கூடுதல் பெட்ரோல் டேங்க், இரும்பு டிராயர், தண்ணீர் எல்லாம் நிரந்தரமாக வைத்திருந்தாராம். ஸ்பிரிங் 200 முதல் 400 கிலோ வரை எப்போதும் சுமக்கிற வண்டிக்கானது. என் வண்டியில் பின்னால் இருப்பது ஒரு மணல் வாரி, ஒரு டிபன் கேரியர்.

மாற்றவில்லை மாமா. பாரத்தைக் கூட்டிவிட்டேன். எங்கள் கட்டிடத்தில் மாதம் இரண்டு பேராவது ஊருக்குப் போகிறார்கள். ஆளுக்கு முப்பது கிலோ பெட்டி, கையில் ஒரு பை, பையில் ஒரு டாங் டப்பா. நானே வலியப் போய் "விமான நிலையத்தில் இறக்கிவிடுகிறேன்" என்கிறேன். நாலு ஆளும் ஆறு பெட்டியும் ஏறினால் வண்டி பஞ்சு மாதிரிப் போகிறது. கட்டிடம் முழுக்க எனக்கு நல்ல பேர். மூன்றாம் மாடிப் பாட்டி திருநீறு பூசிவிட்டார். உண்மைக் காரணம் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

கழற்றிய பழைய ஸ்பிரிங்கில் ஒன்றைப் பால்கனியில் நிமிர்த்தி வைத்து மேலே துளசித் தொட்டியை வைத்திருக்கிறாள் என் மனைவி. தண்ணீர் ஊற்றும்போது தொட்டி லேசாக ஆடுகிறது. அதற்கு ஷாக் இல்லை அல்லவா.

அத்தையிடம் 900 திர்ஹாம் விஷயத்தைச் சொல்லவேண்டாம். 300 என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நாளை காலை நாலரைக்கு எழவேண்டும். தஞ்சாவூர்க்காரர் குடும்பத்தோடு கிளம்புகிறார், எட்டுப் பெட்டி.

இப்படிக்கு,
பத்தொன்பதை நீட்டிய உங்கள் மாப்பிள்ளை