டாக் வந்துவிட்டது, கப்பல் எப்போது?

கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் பழைய கட்டுமான டாக் 43 மீட்டர் அகலம். அதற்குள் உருவான ஐ.என்.எஸ். விக்ராந்த் 62 மீட்டர் அகலம். இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. கப்பலின் அடிவயிறு ஒடுக்கம், மேலே போகப்போக விரியும். விரிந்த மேல்தளம் டாக்கின் இரண்டு கரைகளையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஆகாயம் தெரியாது.

சரக்குக் கப்பல்களை மனதில் வைத்துத் தோண்டிய டாக் அது. அதிலிருந்து நாடு ஒரு விமானந்தாங்கியைக் கேட்டது, நாங்களும் கட்டிக் கொடுத்தோம். இப்போது அதே வளாகத்தின் வடக்கு ஓரத்தில் 310 மீட்டர் நீளத்தில் புதிய டாக் திறந்திருக்கிறது. விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தது 2022 செப்டம்பரில். அது தாராளமாக உட்காரக்கூடிய டாக் திறக்கப்பட்டது 2024 ஜனவரி 17 அன்று. கப்பல் முந்திப் பிறந்தது, தொட்டில் பிந்தி வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது தளமே இளசு. 1972 ஏப்ரலில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியிருந்தார். ஜப்பானின் மிட்சுபிஷி தொழில்நுட்பம் கொடுத்தது. பெருமானூர்க் கரையில் குடியிருந்தவர்கள் வீடுகளை விட்டு எழுந்து கொடுத்த மண் அது. தளத்தின் முதல் கப்பலான ‘ராணி பத்மினி’ அப்போதுதான் முடிந்து போயிருந்தது. 75,000 டன் சுமக்கும் சரக்குக் கப்பல். அதில் வேலை செய்த சேட்டன்மார் அதைப் பற்றிப் பேசும்போது, மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பனின் குரல் வந்துவிடும்.

என்னை விட்டது பழுதுபார்க்கும் டாக்கில். 270 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். கணக்குப் போட்டால் 14 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். கப்பலை உள்ளே இழுத்து, கேட்டை மூடி, பம்ப் போட்டு அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். தண்ணீர் இறங்க இறங்கக் கப்பலும் இறங்கும். தரையில் வரிசையாக அடுக்கிய கீல் பிளாக்குகளின் மேல் அது வந்து உட்காரும் அந்த நேரம்தான் வேலையின் உயிர். பிளாக் எங்கே, எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கப்பலுக்கும் தனி வரைபடம் உண்டு. நூல் பிடித்து அளந்து வைப்போம். ஒரு பிளாக் பிசகினால் பல ஆயிரம் டன் எடை பக்கத்துப் பிளாக்குகளில் ஏறும், கப்பலின் அடித்தகடு நசுங்கும்.

எங்கள் ஃபோர்மேன் அந்த நேரத்தில் யாரையும் பேச விடமாட்டார். “ஆத்யம் செவி, பின்னே கண்ணு” என்பார். முதலில் காது, பிறகுதான் கண். மரமும் இரும்பும் எடை வாங்கும்போது ஒரு முனகல் வரும். சரியாக உட்கார்ந்த கப்பலின் முனகல் வேறு, கோணலாக உட்கார்ந்ததின் முனகல் வேறு. அவரிடம் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. காயலிலிருந்து ஆகாயத்தாமரை பச்சைப் பாயாக மிதந்து வந்து கேட்டுக்கு முன்னால் அடைத்துக்கொள்ளும். அதை ஒதுக்கித் தள்ளாமல் கேட்டை மூட முடியாது.

டாக்கில் இடம் கேட்டுக் கப்பல்கள் காத்துக் கிடந்த காலம் அது. சரக்குக் கப்பலின் அடிப்பகுதியை ஐந்து ஆண்டுக்குள் இரண்டு முறை பார்த்தாக வேண்டும் என்பது சர்வதேச விதி. தேதி தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை. இங்கே இடம் கிடைக்காத இந்தியக் கப்பல் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகும். வேலை தெரிந்த கை இங்கே இருக்க, கூலி அங்கே போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

விக்ராந்த் கதையும் இதுதான். 2009-இல் கீல் இட்டார்கள். 2011 டிசம்பரில், முழு எடையில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ஏறிய நிலையில், கப்பலை மிதக்கவிட்டு வெளியே எடுத்தார்கள். டாக் வேறு கப்பலுக்கு வேண்டியிருந்தது. பிறகு மறுபடி உள்ளே கொண்டுவந்து, 2013 ஆகஸ்டில்தான் முறைப்படி நீரில் இறக்கினார்கள். இன்னொரு பெரிய டாக் இருந்திருந்தால் இந்த அலைச்சலுக்குத் தேவையே வந்திருக்காது.

புதிய டாக்கின் மதிப்பு அன்று வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். 13 மீட்டர் ஆழம். ஒரு பகுதி 75 மீட்டர் அகலம், மறு பகுதி 60. இப்படிப் படியாக அமைத்திருப்பதால் நீளமான கப்பலையும் வைத்து வேலை செய்யலாம், அகலமான கலத்தையும் வைத்து வேலை செய்யலாம். மேலே 600 டன் தூக்கும் கேன்ட்ரி கிரேன். செலவு ஏறக்குறைய 1,800 கோடி ரூபாய். அதே நாளில் எதிரே வில்லிங்டன் தீவில், 6,000 டன் கப்பலைத் தூக்கிக் கரையேற்றும் பழுதுபார்ப்பு நிலையமும் திறந்தது. அந்தத் தீவே ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன்னால் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரி, அந்த மண்ணைக் கொட்டி உண்டாக்கியது.

கடற்கரை ஓரம் டாக் தோண்டுவது என்றால் பெரிய குழி வெட்டுவதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டாக்குக்கு ஆபத்து கப்பல் உள்ளே இருக்கும்போது குறைவு, காலியாக இருக்கும்போதுதான் அதிகம். சுற்றிலும் காயல், அடியில் பல மீட்டருக்குக் கொழகொழக் களிமண். தண்ணீரை வெளியேற்றிய டாக்கின் தரையை நிலத்தடி நீர் கீழிருந்து மேலே தள்ளும். 13 மீட்டர் ஆழத்தில் அந்த அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு 13 டன். வடிகால் வைத்து அதைக் குறைக்காவிட்டால் முழுத் தரையிலும் சேர்த்து இரண்டு லட்சம் டன்னைத் தாண்டும், நான்கைந்து விக்ராந்தின் எடை. அதை அடக்கிப் பிடிக்கும் தரையைத்தான் போட்டிருக்கிறார்கள். அதுவும் பக்கத்தில் இரண்டு டாக்குகள் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்க, வெல்டிங் பொறி பறக்க, கிரேன் நகர, ஒரு ஷிஃப்டையும் நிறுத்தாமல். வெறும் நிலத்தில் புதிதாகத் தளம் அமைப்பது இதைவிட எளிது. இந்த வேலையைச் செய்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

என் கவலை வேறு. உலகில் கட்டப்படும் கப்பல்களில், டன் கணக்கில், பத்தில் ஒன்பதுக்கு மேல் சீனாவும் தென்கொரியாவும் ஜப்பானும் கட்டுகின்றன. நம் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. அன்று கப்பல் இருந்தது, டாக் இல்லை. இன்று 70,000 டன் விமானந்தாங்கியைத் தாங்கும் டாக் இருக்கிறது, அப்படியொரு கப்பலுக்கு ஆணை இன்னும் வரவில்லை. எரிவாயுக் கப்பலும் பெரிய எண்ணெய்க் கப்பலும் கட்ட இடம் தயார். நமக்கு வரும் எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் பிறர் கட்டிய கப்பலிலேயே வருகின்றன.

2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை கப்பல் கட்டுமானத்துக்கும் கடல்சார் துறைக்கும் 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நல்ல காரியம். அந்தப் பணம் ஆணைகளாக மாறித் தளத்துக்கு வந்து சேர வேண்டும். தொடர்ந்து வர வேண்டும். ஒரு கப்பலுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஐந்தாறு ஆண்டு இடைவெளி விழுந்தால், விக்ராந்தில் தேறிய வெல்டர் வளைகுடாவுக்குப் போய்விடுவான். முனகலைக் கேட்டே கப்பல் உட்கார்ந்த விதம் சொல்லும் ஆளும் ஓய்வு பெற்றுவிடுவார். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் கற்க வருகிறவன் என்ன செய்வான்? கேன்ட்ரி கிரேனைக் காசு கொடுத்து வாங்கலாம், அந்தக் காதை வாங்க முடியாது.

கப்பல் வாங்கும் கம்பெனிகளுக்கும் அரசுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த பெரிய கப்பலை இங்கே கட்டச் சொல்லுங்கள், கை மறப்பதற்குள் சொல்லுங்கள்.