பயற்றங்கொடிக்கு எத்தனை வாளி?

பறம்புமலைத் தலைவன் பாரி, பற்றிப் படரக் கொழுகொம்பின்றிக் காற்றில் அலைந்த முல்லைக்கொடி ஒன்றைக் கண்டு மனமிரங்கி, தான் ஏறிவந்த தேரையே அதற்குக் கொடுத்துவிட்டு நடந்து போனான் என்று சிறுவயது முதலே கேட்டு வருகிறோம். ஆனால் மறுநாட் காலையில் அந்த முல்லைக்குத் தண்ணீர் விட்டவர் யார், எத்தனை குடம் விட்டார், வேரில் விட்டாரா இலையில் விட்டாரா என்பன பற்றி எந்தப் புலவரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. தேர் கொடுப்பது ஒரு கணத்துக் காரியம்; அதற்கு வள்ளன்மை இருந்தாற் போதும். தண்ணீர் விடுவதோ நித்திய கருமம். அதற்குக் கிணறு வேண்டும், வாளி வேண்டும், வளையக்கூடிய இடுப்பு வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாக அயலவர் வேலிக்கு மேலால் எறியும் அபிப்பிராயங்களைத் தாங்கும் வைராக்கியமும் வேண்டும். பாரிக்கு அயல்வீடு இருந்திராது என்பது என் அனுமானம்.

திரியாயில் எனக்கு எல்லாத் திக்கிலும் அயல்வீடு உண்டு.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாகப் புல்மோட்டை வீதியில் வடக்கு நோக்கி 40 கிலோமீற்றருக்கு மேல் வந்தால், ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலும் காடுமாகக் கிடக்கும் எங்கள் ஊரில், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரிமழையே ஆண்டு முழுவதற்குமான பெரிய வரவு. அந்த மாதங்களில் தண்ணீர் விடுவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். வைகாசி பிறந்து, மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலோடு வீசத் தொடங்கி, கிணற்று நீர் கயிற்றின் கடைசி முழத்துக்கு இறங்கியபின்புதான் சகலரும் நிபுணராவது. ஊருக்கு அருகிலுள்ள கந்தசாமி மலையின் உச்சியில் கிரிஹண்டு சேய என்னும் பழைய பௌத்த தூபியின் வட்டத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அங்குள்ள பாறையில் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட சமஸ்கிருத சாசனம் இரண்டு வணிகர்களின் பெயரைச் சொல்கிறது. புத்தரின் கேசதாதுவைப் பேழையிற் கொண்டுவந்த அவ்வணிகர்கள் அதனை மலையில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்து தூக்க முயன்றபோது, பேழை அசைய மறுத்ததென்பது ஐதீகம். இதைப் பட்டணத்து மனிதர்கள் புராணம் என்று தள்ளலாம். ஆவணி மாதத்துக் கிணற்றிலிருந்து இருபதாவது வாளியை இழுத்த எவனும் தள்ளமாட்டான்.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். 1985இல் ஊர் எரியுண்டு, சனம் சிதறி, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் நெடுங்காலம் கழித்துத் திரும்பியபோது, எங்கள் வளவில் கூரை போடுமுன் கிணற்றைத்தான் இறைத்துத் துப்புரவாக்கினோம். நீர் தெளிந்து ஊறியதும் அம்மா முதலில் ஊன்றியது பயற்றம் விதை. ஆகையால் பயற்றங்கொடிக்குத் தண்ணீர் விடுவது எங்கள் வீட்டில் பரம்பரை விளையாட்டன்று. அதை விளையாட்டாக்கிய புண்ணியம் சுற்றத்தாரைச் சேரும்.

தெற்கு வேலிக்கு அப்பாலுள்ள மாமி காலைக் கட்சி. பொழுது விடியுமுன் விட்ட தண்ணீர்தான் செடிக்குச் சேரும், மற்றதெல்லாம் பூமாதேவிக்கு என்பது அவருடைய சித்தாந்தம். அரச உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய என் அத்தான் மாலைக் கட்சி. இரவு முழுவதும் செடி ஆறுதலாகக் குடிக்கும் என்பார். இருவரும் ஏகமனதாக உடன்படும் ஒரே விஷயம், மத்தியானத்தில் விடக்கூடாது என்பது.

“வெயிலுக்க இலையில தண்ணி பட்டா வெந்துபோகும் தம்பி. அடியில விடு.”

இலையில் நின்ற நீர்த்துளி பூதக்கண்ணாடியாகி வெயிலைக் குவித்து இலையைச் சுடும் என்னும் இந்த நம்பிக்கை திரியாய்க்கு மட்டும் சொந்தமானதன்று. உலகமெங்கும் தோட்டக்காரர் இதைச் சொல்லி வந்திருக்கிறார்கள். 2010இல் ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதற்கென்றே பரீட்சை நடத்தி, வழவழப்பான இலையிற் படிந்த துளி அப்படிச் சுடுவதில்லை, துளியை இலைப்பரப்புக்கு மேலே தாங்கிப் பிடிக்கும் மயிருள்ள சில இலைகளிலேதான் அது சாத்தியம் என்று வெளியிட்டார்கள். இந்தச் செய்தியை மிகுந்த பவ்வியத்தோடு மாமியிடம் விண்ணப்பித்துக்கொண்டேன். அவர் சற்று யோசித்தார்.

“அங்க என்ன, கச்சான் வீசுதோ?”

சாஸ்திரம் அந்த இடத்தில் மௌனமாகிவிட்டது. மேலும், வெயில் ஏறியபின் விட்ட தண்ணீரில் ஒரு பங்கு வேரைச் சேருமுன் ஆவியாகிப் போவது உண்மையே ஆதலால், காரணம் பிழையாயினும் மாமியின் தீர்ப்பு சரியானதே. பெரியவர்கள் பலருடைய தீர்ப்புகள் இந்த வகையின.

அத்தானின் விவகாரம் வேறு. வெலிமடைப் பக்கம் போய்வந்த யாரோ கொடுத்த போஞ்சி விதையை, மலைநாட்டுக் குளிரில் காய்ப்பது கடற்கரையில் ஏன் காய்க்காது என்ற நியாயமான வீம்போடு அவர் தம் வளவில் ஊன்றினார். பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டி, இரவும் குளிராமற் போனால் போஞ்சி பூப்பூக்கும். ஆனால் பூவைக் காயாக்காமல் உதிர்த்துவிடும். உதிர்ந்த பூவைக் கண்ட அத்தான் தண்ணீரைக் கூட்டினார். மேலும் உதிர்ந்தது, மேலும் கூட்டினார். கொடி தம் விருப்பத்துக்கு மாறாகச் சுற்றுகிறது என்று கண்டு, அதை அவிழ்த்து மறுபுறமாகத் தடியிற் சுற்றிக் கட்டியும் பார்த்தார். போஞ்சியும் பயற்றையும் மேலிருந்து நோக்கினால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலேயே சுற்றுபவை. டார்வின் 1865இல் கொடிகளின் அசைவைப் பற்றி எழுதியபோதும் அப்படித்தான் சுற்றின, அத்தானின் சுற்றுநிருபத்துக்குப் பின்பும் அப்படியே சுற்றின. கட்டியது போகப் புதிதாய் வளர்ந்த நுனி, பழைய திசைக்கே திரும்பிக்கொண்டது.

இதிலுள்ள விசித்திரம் யாதெனில், தாகத்தால் வாடிய செடியும் தண்ணீர் மிகுந்து வேர் மூச்சுத் திணறும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே தலை தொங்கி நிற்கும். மண்ணிலுள்ள சிறு துவாரங்களை நீர் நிரப்பிவிட்டால் காற்றுக்கு அங்கே இடமில்லை. காற்றின்றி வேர் சோர்ந்தால், சுற்றிலும் நீர் நின்றாலும் அதை உறிஞ்ச அதற்குச் சக்தியில்லை. ஆகவே இலை மஞ்சளாகித் துவளும். துவண்டதைக் கண்ட நல்லிதயம் இன்னொரு வாளியைச் சரிக்கும். கலியாணப் பந்தியில் ‘போதும், போதும்’ என்று கையால் இலையை மறைப்பவருடைய விரலிடுக்கில் சோறு போடுவார்களே, அந்த உபசாரந்தான். பந்தியில் இருப்பவராவது எழுந்து ஓடலாம்.

அத்தான் கடைசியில் பழுத்துப்போன செடியொன்றைப் பிடுங்கிப் பார்த்து, வேரெல்லாம் சிறு சிறு கட்டிகளாக இருப்பதைக் கண்டு, “நான் சொன்னேனே, வருத்தம் வேரிலதான்!” என்று வெற்றி முழக்கமிட்டார். அக்கட்டிகள் வருத்தமல்ல, அந்தக் கொடியின் சம்பாத்தியம். அவரை இனத்துச் செடிகள் வேர்முடிச்சுகளில் நுண்ணுயிர்களைக் குடிவைத்து, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து உரமாக்கிக்கொள்கின்றன. அந்நுண்ணுயிரை 1888இல் பேயரிங்க் என்ற ஒல்லாந்து விஞ்ஞானி பிரித்தெடுத்துக் காட்டினார். குடியிருப்பவர்களுக்கும் காற்று வேண்டும். வெள்ளத்தில் மூழ்கடித்துவிட்டு, ‘சத்துக் காணாது’ என்று ஒரு கைப்பிடி யூரியாவையும் எறிவது, வீட்டுக்காரனைக் கழுத்துப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு வாசலில் தானம் கொடுப்பதாகும். நல்லவேளை, அத்தான் முடிச்சு ஒன்றை நகத்தாற் கிள்ளி, உள்ளே இளஞ்சிவப்பாய் இருக்கக் கண்டு, சற்றே அடங்கினார்.

அயல் வயலைப் பார்க்க வந்திருந்த விவசாயப் போதனாசிரியர் ஒருவரை வழிமறித்து, காலையா மாலையா என்ற வழக்கை நாங்கள் மூவருமாக அவர் முன் வைத்தோம். அவர் குனிந்து, கொடியடி மண்ணில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு இறக்கி, எடுத்து, காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, “ஈரம் கிடக்கு. இண்டைக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு மோட்டார்ச் சைக்கிளில் ஏறினார். நாளைக்கு எத்தனை வாளி என்று அத்தான் கேட்டது அவர் காதில் விழவில்லை. இவ்வளவு படித்தவர் இவ்வளவு குறைவாகப் பேசுவது எங்கள் ஊரில் நல்ல அபிப்பிராயத்தை உண்டாக்காது. சம்பளத்துக்கு ஏற்ற வேலை செய்யவில்லை என்றே மாமி கருதினார்.

நானோ அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன். கடற்பக்க மணலுக்கு ஒரு கணக்கு, வயற்பக்கக் கனத்த மண்ணுக்கு வேறு கணக்கு. இளங்கொடிக்கு அளவாக, பூவும் பிஞ்சுமாய் நிற்கும்போது தவறாமல். இளமையிலே செல்லமாகக் குடித்து வளர்ந்த கொடி இலையையே பெருக்கிக்கொண்டு போய், பந்தலை மூடி, பார்ப்பதற்கு ராஜ கம்பீரமாய் நின்று, காய்க்க வேண்டிய நேரத்தில் சோம்பும். விரல் உலர்ந்து வந்தால் விட்டேன், ஈரமாய் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கையைக் கட்டிக்கொண்டு நிற்பவனைத் திரியாயில் சோம்பேறி என்பார்கள். பாரியை வள்ளல் என்றார்கள். தேரைக் கொடுக்காமல் ஒரு தடியை நாட்டிவிட்டுப் போயிருந்தால் அவனையும் கஞ்சன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கொடி காய்த்தது. கட்டாக்காலி மாடுகளுக்கும் குரங்குகளுக்கும் போக எஞ்சிய காய்கள், முழத்துக்குக் குறையாமல், முற்றி நார் வைக்குமுன் ஒன்றுவிட்ட ஒருநாள் பறிக்க வேண்டிய அளவுக்குத் தொங்கின. அத்தான் ஒரு பிடி எடுத்துக்கொண்டு, “பின்னேரத் தண்ணி எண்டா இப்பிடித்தான்” என்றார். மாமி இரண்டு பிடி எடுத்தார். விடியற்காலைத் தண்ணீர் என்பதால் இரண்டு பிடி நியாயமென்று அவர் கருதியிருக்கவேண்டும். மத்தியானம் வேலிக்கு மேலால் பயற்றங்காய்ப் பால்கறி ஒரு கோப்பை வந்தது. நன்றாயிருக்கிறதே, எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

“தண்ணியோ? இதுக்கு ஏன் தம்பி தண்ணி? அடுப்பில வச்சா அதுவே விடும்” என்றார் மாமி.