சங்கம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு சங்கம்!

கேள்வி: டாக்டர்களுக்குச் சங்கம் உண்டு, வியாபாரிகளுக்குச் சங்கம் உண்டு. அந்தச் சங்கங்களை நிர்வகிக்கிறவர்களுக்கு எங்காவது சங்கம் உண்டா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: பேஷாக உண்டு! வாஷிங்டனில் இருக்கிறது, ‘அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் அசோசியேஷன் எக்ஸிக்யூட்டிவ்ஸ்’. சுருக்கமாக ஏ.எஸ்.ஏ.இ. 1920-ல் வர்த்தகச் சங்க நிர்வாகிகள் கூடித் தொடங்கியது. நூறு வயதைத் தாண்டிவிட்டது.

சந்தா வசூல், மாநாடு, தேர்தல், உறுப்பினர்களுக்காக அரசாங்கத்தின் கதவைத் தட்டுவது எல்லாம் சேர்ந்து ஒரு தனித் தொழில் என்று நிலைநாட்டிய அமைப்பு இது. அந்தத் தொழிலுக்கென்றே 1960-ல் ‘சி.ஏ.இ.’ என்ற சான்றிதழையும் கொண்டுவந்தது. தேர்வெழுதித்தான் வாங்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, தொடர்ந்து படித்ததைக் காட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும். சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க வழியே இல்லை!

தலைமை? 2003 முதல் தலைமை நிர்வாகியாக இருந்த ஜான் கிரஹாம், சங்கத்தின் நூற்றாண்டு பிறந்த 2020 ஜனவரியிலேயே காலமானார். சூசன் ராபர்ட்சன் பொறுப்பேற்றார். உலகமே வீட்டுக்குள் முடங்கிய அந்த ஆண்டில், வருடாந்திர மாநாட்டை இணையவழியில் நடத்தினார்கள். 2022-ல் மிஷேல் மேசன் வந்தார்.

உங்கள் ஊர்ச் சங்கத்திலும் தலைவர் பதவிக்குப் போட்டி இருக்கும். யார் ஜெயித்தாலும் கணக்கையும் கோப்புகளையும் காப்பாற்ற, முறையாகப் பயின்ற ஒரு நிர்வாகியை முதலில் நியமியுங்கள்.