மார்கழிப் பயணமும் தூரத் தேய்மான விதியும்: ஓர் ஆய்வு

குடும்பத்தோடு மூன்று நாள் குளிர்ப் பிரதேசம் போய்வரத் திட்டம் போட்டால், புறப்படும் தேதி நெருங்க நெருங்கப் போகவேண்டிய ஊர் வீட்டுப் பக்கமாக நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். இதைத் தூரத் தேய்மான விதி என்க. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம், சென்னைக் குடும்பம் ஒன்றின் வாட்ஸ்அப் குழு. ஆய்வுக் காலம், ஆடித் தள்ளுபடி முதல் அரையாண்டு விடுமுறை முடிய. ஆய்வாளர் அக்குழுவில் வாயே திறக்காத உறுப்பினர், ஆதலால் நடுநிலையாளர்.

சென்னைவாசிக்குத் தனியாகக் குளிர் எதற்கு என்று கேட்பார் உளர். ஜனவரி விடியலில் இங்கே 20 டிகிரி இருந்தாலே பால் வாங்கப் போகிறவர் குரங்குக் குல்லாய் போட்டு, அதன்மேல் மஃப்ளரும் சுற்றிக்கொள்கிறார். வெள்ளைக்காரன்கூட ஊட்டிக்குக் கோடையில்தான் போனான். மதராஸ் அரசாங்கமே கோப்புகளைக் கட்டிக்கொண்டு மலையேறியது வெயிலுக்குப் பயந்துதான். இருப்பினும் குறிஞ்சி நிலத்துக்கு உரிய பெரும்பொழுதுகளில் ஒன்று முன்பனி, அதாவது மார்கழியும் தையும், எனத் தொல்காப்பிய மரபு வகுத்துவிட்டது. இலக்கணம் அனுமதித்ததை வானிலை அறிக்கை தடுக்கலாகாது. போதாததற்கு, பீரோவின் மேல்தட்டில் அந்துருண்டை வாசனையோடு சில ஸ்வெட்டர்கள் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன.

இனி தரவுகளுக்கு வருவோம். திட்டம் ஆகஸ்டில் பிறந்தது, சுவிட்சர்லாந்தில். சித்தப்பா ஜங்ஃபிராயோக் ரயில் நிலையப் படத்தைப் போட்டு, 3,454 மீட்டர் உயரம், ஐரோப்பாவிலேயே உயரமான ஸ்டேஷன் என்று எழுதினார். எல்லாரும் இதயம் போட்டார்கள். ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கு விவரம், தங்குமிட அத்தாட்சி, 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு எல்லாம் வேண்டும் என்று மறுநாள் மாப்பிள்ளை எழுதினார். சித்தப்பா "பாக்கலாம்" என்று போட்டு ஒரு கும்பிடும் வைத்தார். ஐரோப்பா அத்துடன் முடிந்தது.

அடுத்து மலேசியா. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு 30 நாள் வரை அங்கே விசா வேண்டாம். விமானத்தில் நாலு மணி நேரம். கிள்ளானில் சித்திக்கு ஒன்றுவிட்ட அக்கா வேறு இருக்கிறார். ஆனால் டிசம்பரிலும் கோலாலம்பூரில் வியர்க்கும். "குளிருக்குன்னு கிளம்பிட்டு அங்க போய் விசிறிக்கிட்டு உக்காரணுமா?" என்றார் பெரியம்மா. பத்து மலையில் 272 படி என்றதும் பெரியப்பாவின் முழங்கால் விவாதத்தில் கலந்துகொண்டது. கடைசியில் மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதம்கூட ஆயுள் இல்லை என்பது தெரிந்து, எல்லாரும் உள்ளூர நிம்மதி அடைந்தார்கள்.

ஊட்டியில்தான் விதி தன் முழு வலிமையைக் காட்டிற்று. சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம், 7.10-க்கு மலை ரயில். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் பிடித்து ஏறும். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாதை. இதற்கு யார் மறுப்பு சொல்ல முடியும்? ஒருவரும் சொல்லவில்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன், காலை 8 மணிக்குத் திறக்கும். அத்தை மகன் 7.50-க்கே லாகின் செய்து, கேப்சாவைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் ஒரு டிக்கெட்டில் 6 பேருக்கு மேல் ஏற்ற முடியாது என்பது நினைவுக்கு வந்தது. குடும்பமோ ஒன்பது பேர். எந்த மூவர் தனி டிக்கெட் என்று குழுவில் கேட்டான்.

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வருவோம்" என்றார் பெரியம்மா. "லோயர் பெர்த் இல்லன்னா என்னை விட்டுடுங்கப்பா" என்றார் பெரியப்பா. சித்தி மட்டும் "எனக்கு எதுவானாலும் சரி" என்று எழுதினார். இத்தகைய வாக்கியம் எந்தக் குடும்பத்திலும் ஒரு மணி நேர விவாதத்துக்கு வித்திடும். அந்த மூவர் யாரென்று முடிவானபோது மணி 8.20, காத்திருப்புப் பட்டியல் நூறைத் தாண்டியிருந்தது. தட்கல் இருக்கிறதே என்பார்க்கு: அதே குடும்பம், இன்னும் குறைந்த நேரம். பிறகு வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மலை ரயிலும் சில நாள் ரத்தானது. "நல்லவேளை, நாம புக் பண்ணல" என்று சித்தப்பா எழுதியதைக் குழுவே தொலைநோக்கு என ஏற்றுக்கொண்டது.

பணம்தான் தேய்மானத்துக்குக் காரணம் என்பர் ஒருசாரார். அஃது அன்று; சுவிஸுக்கும், கடைசியில் போய்ச் சேர்ந்த வேடந்தாங்கலுக்கும் ஒரே மூச்சில் சரி சொன்னவர் சித்தப்பா. லீவு கிடைக்காததே காரணம் என்பர் மற்றொரு சாரார். அதுவும் அன்று, மூன்று நாளும் எல்லாருக்கும் லீவுதான். உண்மைக் காரணம் அமைப்பு சார்ந்தது. குடும்பத்தில் மறுக்கும் அதிகாரம் எல்லாருக்கும் உண்டு. தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. ஆகவே எவரும் மறுக்க வழியில்லாத இடத்துக்குத்தான் எந்தத் திட்டமும் வந்து சேரும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்னும் தூரமே அந்த இடம்.

இடையில் வந்த ஊர்களை விரைந்து கடக்கலாம். கொடைக்கானலுக்குக் காரில் போனால் இ-பாஸ் எடுக்கவேண்டும். 2024 மே முதல் ஊட்டிக்கும் அப்படித்தான். எடுப்பது இலவசம், சில நிமிட வேலை. ஆனால் எந்தக் கார் என்று முதலில் முடிவாகவேண்டும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அத்தைக்கு மூன்றாவது வளைவிலேயே எலுமிச்சம்பழம் தேவைப்படும். கொல்லிமலை என்று ஒருவன் வாயெடுத்தான்; 70 வளைவு என்றதும் மூடிக்கொண்டான்.

முடிவில் சென்றது வேடந்தாங்கல், சுமார் 80 கிலோமீட்டர். தண்ணீரில் நின்ற கடப்ப மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டியிருந்தன. ஏரியில் மிதந்த ஊசிவால் வாத்தும் கிளுவையும் வடக்கே யூரேசியாவின் உறைபனியிலிருந்து வந்தவை. நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையையே தாண்டி வருகிறது. பறவைகளிடம் நமது விதி செல்லாது. குறித்த பருவத்தில் குறித்த தூரத்தைக் கடந்து வந்துவிடுகின்றன, எந்த வாத்தும் லோயர் பெர்த் கேட்பதில்லை. தவிர, அவை குளிரை விட்டு ஓடிவந்தவை. குளிரைத் தேடி அங்கே போய் நின்றவர்கள் நாங்கள் மட்டுமே. 11 மணிக்கு வெயில் உறைத்தது. ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்ட அத்தை, வாடகை பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்து, பறவையெல்லாம் ரொம்பத் தூரத்தில் இருப்பதாகக் குறைப்பட்டார்.

புறனடை: இவ்விதி தனியாகப் போகிறவர்களைக் கட்டுப்படுத்தாது. அத்தை மகன் அன்றிரவே கிளாம்பாக்கத்தில் கொடைக்கானல் பஸ் ஏறி, வத்தலக்குண்டு தாண்டிய பிறகுதான் குழுவுக்குச் செய்தி போட்டான். அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியவந்தது.