எக்செலில் எரிமலைக்குக் கட்டம் கிடையாது

ஐஸ்லாந்தில் காரோட்டிச் சுற்றிவர ஆசைப்படுகிறவர் முதலில் போடுவது ஒரு வகுத்தல் கணக்கு. தீவைச் சுற்றி ஓடும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை ஏறக்குறைய 1,322 கிலோமீட்டர். தார்ச்சாலையில் அதிகபட்ச வேகம் மணிக்கு 90. வகுத்தால் பதினைந்து மணி நேரம்கூட வரவில்லை. "ரெண்டே நாள்ல முடிச்சிடலாம், போனால் போகுது, நாலு நாள் வெச்சுக்குவோம்" என்று தாராள மனதோடு எக்செலைத் திறக்கிறார் நம் திட்டக்காரர். 8.00 அருவி. 8.20 அடுத்த அருவி. 8.45 பனியாறு. 9.30 எரிமலை. நடுவில் காபிக்குப் பத்து நிமிடம்.

இந்த அட்டவணை முதல் அருவியிலேயே நனைந்துவிடும். தெற்குக் கரையில் இருக்கும் சேல்யலண்ட்ஸ்ஃபாஸ் சுமார் 60 மீட்டர் உயரம். அதன் முதுகுக்குப் பின்னால் நடந்து போக வழி இருக்கிறது. வழி இருந்தால் போகாமல் இருப்பாரா? போய்விட்டு வெளியே வருகிறவருக்குத் துணி மாற்றவே அந்த இருபது நிமிடம் போதாது. கொஞ்ச தூரத்தில் ஸ்கோகாஃபாஸ். அங்கே அருவியின் உச்சி வரை படிக்கட்டு வேறு கட்டி வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் இரவு என்ற ஒன்று வருவதே இல்லை என்பதால், மணி பதினொன்றுக்கும் "இன்னும் வெளிச்சம் இருக்கே" என்று அடுத்த அருவிக்குக் கிளம்பலாம். டிசம்பரில் ரெய்க்யவிக்கில் நாலைந்து மணி நேரம்தான் பகல். அப்போது திட்டக்காரர் அருவிகளில் எதைக் கழிப்பது என்று குடும்பத்தில் வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருக்கும்.

வாடகைக் கார் எடுக்கும் இடம் தனிக் காட்சி. கல்யாணப் பந்தியில் இலைமேல் கையை வைத்து மறைத்தாலும் விரலிடுக்கில் பாயசம் ஊற்றுவார்களே, அப்படித்தான் காப்பீடு பரிமாறுவார்கள். ஜல்லி தெறித்துக் கண்ணாடி உடைந்தால் ஒரு காப்பீடு. மணலும் எரிமலைச் சாம்பலும் பறந்து வந்து பெயின்ட்டை உரித்தால் இன்னொன்று. கேட்பவருக்கு மிரட்டலாகத் தோன்றும், ஆனால் அந்த ஊர்க் காற்று உண்மையிலேயே அந்த வேலைகளையெல்லாம் செய்யும். காற்றில் கார்க் கதவு பின்பக்கமாக மடங்கிப் பிய்ந்துபோவது அங்கே சகஜம். ஆகவே காரைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்து, கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திற, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறக்காதே என்று புத்திமதி சொல்லி அனுப்புவார்கள்.

அடுத்து, தீவின் நடுப்பகுதி. இங்கே பல சாலைகளின் எண்கள் 'எஃப்' என்ற எழுத்தில் தொடங்கும். பனி உருகி இவை திறக்கவே பெரும்பாலும் ஜூன் கடைசி ஆகிவிடும். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டிக்கு மட்டுமே அனுமதி. பல இடங்களில் ஆறு இருக்கும், பாலம் இருக்காது. காரை ஆற்றில் இறக்கித்தான் அக்கரை சேர வேண்டும். பனியாற்று நீர் என்பதால் காலையில் முழங்காலளவு ஓடும் ஆறு, வெயில் ஏறப் பனி உருகி, மதியத்துக்கு மேல் பெருகிவிடும். எத்தனை காப்பீடு வாங்கியிருந்தாலும் சரி, கார் ஆற்றில் இறங்கும்போது காப்பீடு பொதுவாகக் கரையிலேயே நின்றுகொள்ளும்.

'செல்போன் வழி சொல்லிவிடும்' என்கிறவர்களுக்கு 2016 பிப்ரவரியில் நடந்த கதை. ஓர் அமெரிக்க இளைஞர் கெப்லாவிக் விமான நிலையத்தில் இறங்கி, முக்கால் மணி நேரத் தொலைவில் ரெய்க்யவிக்கில் இருந்த தன் ஹோட்டலுக்குக் கிளம்பினார். தெருப்பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது. கருவி காட்டிய வழியே பனிச்சாலையில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, வடகோடியில் சிக்லுஃப்யோர்தூர் என்ற மீன்பிடி ஊரில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்த பெண்மணி சிரித்துவிட்டார். அந்த ஊரிலேயே தங்கி, ஊரையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார் அந்த இளைஞர். நாடே அவரைத் தெரிந்துகொண்டது. இதைவிட நல்ல பயணத் திட்டத்தை எக்செல் போட்டுத் தந்ததாகத் தெரியவில்லை.

எரிமலை விஷயத்தில் மட்டும் விளையாட்டைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். 2023 நவம்பரில் கிரிண்டவிக் ஊரின் ஏறக்குறைய 3,800 பேரும் ஒரே இரவில் வெளியேற்றப்பட்டார்கள். 2024 ஜனவரியில் எரிமலைக் குழம்பு ஊருக்குள்ளேயே வந்து வீடுகளை எரித்தது. அதே ஆண்டு நவம்பரில், பக்கத்திலிருக்கும் புகழ்பெற்ற வெந்நீர்க் குளமான புளூ லகூனின் கார் நிறுத்துமிடம் குழம்புக்கு அடியில் போனது. முதல் நாள் காலை அங்கே குளியல் என்று கட்டம் போட்டவர்கள் வேறு குளம் தேடினார்கள்.

இந்தத் தீவில் சாலை போடுகிறவர்களே நிரந்தரத் திட்டம் போடுவதில்லை. சுற்றுச்சாலை முழுமையடைந்ததே 1974-இல்தான். தெற்கே ஸ்கெய்தரா ஆற்றின் கிளைகள் மணல்வெளியில் இஷ்டத்துக்கு அலைந்ததால் அங்கே பாலம் கட்ட அவ்வளவு காலமாயிற்று. 1996 இலையுதிர் காலத்தில் வத்னயோகுல் பனிப்படலத்துக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் உள்ளேயே தேங்கியது. வெள்ளம் வரப்போவது எல்லோருக்கும் தெரியும், எப்போது என்பது மட்டும் தெரியாமல் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள். நவம்பரில் வந்தது, வீட்டளவு பனிக்கட்டிகளை உருட்டிக்கொண்டு. ஒரு பாலம் முழுதாகப் போனது, ஸ்கெய்தரா பாலத்தில் ஒரு பகுதி போனது. முறுக்கிக்கொண்ட இரும்பு உத்திரங்களைச் சாலையோரம் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். சரிசெய்த பாலத்துக்கு வந்த கதி இன்னும் விசேஷம்: பனியாறு பின்வாங்கியதில் 2009-இல் ஆறே இடம் மாறி வேறோர் ஆற்றோடு சேர்ந்துகொண்டது. 880 மீட்டர் பாலம் வெறும் மணல்மேல் நிற்க, சாலையை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள்.

2010-இல் எய்யாஃப்யட்லயோகுல் எரிமலை வெடித்தபோது உலகம் விமானங்களைப் பற்றித்தான் கவலைப்பட்டது. உள்ளூர் ஆட்கள் மண்வெட்டி இயந்திரங்களோடு நெடுஞ்சாலைக்கு ஓடினார்கள். எதற்கு? சாலையைத் தாங்களே வெட்டி உடைக்க! உடைத்த வாய் வழியே, எரிமலை உருக்கிய பனியின் வெள்ளம் போனதில் மார்கர்ஃப்லியோத் ஆற்றுப் பாலம் பிழைத்தது. சாலையைத் திரும்பப் போட்டுவிடலாம், பாலம்தான் செலவு என்பது அவர்கள் கணக்கு. திட்டக்காரரின் வகுத்தலைவிடக் கெட்டிக்காரக் கணக்கு.

2011 ஜூலையில் அந்தச் சமாளிப்புக்கும் நேரமில்லை. கட்லா எரிமலையை மூடியிருக்கும் பனிக்கு அடியிலிருந்து கிளம்பிய வெள்ளம் முலாக்விஸ்ல் ஆற்றுப் பாலத்தையே அடித்துப்போனது. சுற்றுலாப் பருவத்தின் உச்சம், தீவின் ஒரே சுற்றுச்சாலை துண்டு. கார்களைப் பெரிய லாரிகளின் முதுகில் ஏற்றி ஆற்றைக் கடத்தினார்கள், ஆட்களை உயரமான வண்டிகளில் ஏற்றினார்கள். அவற்றில் ஒரு பேருந்து நடு ஆற்றில் சாய்ந்து, பயணிகள் அதன்மேல் ஏறி நின்றார்கள். எல்லோரையும் பத்திரமாக மீட்டார்கள். புதுப்பாலத்துக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றது அரசு. வரிசையில் நின்ற சுற்றுலாக்காரர்களைப் பார்த்தார்களோ என்னவோ, ஒரே வாரத்தில் தற்காலிகப் பாலத்தைக் கட்டித் திறந்துவிட்டார்கள்.