பஃபலோ போகும் பிள்ளைக்குப் பனிக்காலச் சீர்வரிசை

விசா வந்தாயிற்று. நியூயார்க் மாநிலத்துப் பஃபலோவில் எம்.எஸ். படிக்க இடமும் கிடைத்தாயிற்று. பாக்கி இருப்பது குளிருக்கு உடுப்பு வாங்குவதுதான். அதை முறைப்படி செய்து முடிக்க ஏழு படிகள்.

படி 1: ஆலோசனைக் குழு அமையுங்கள்.
தேனிலவுக்கு ஊட்டி போய்வந்த சித்தப்பாதான் தலைவர். மார்கழியில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு மெரினாவில் நடக்கும் தாத்தா செயலாளர். 20 டிகிரியிலேயே பல் கிட்டித்த அனுபவஸ்தர். பஃபலோவின் ஜனவரி இரவு மைனஸ் 7 என்றால் அவர் பேச்சைத் தட்டவே கூடாது. அங்கேயே படித்த சீனியர் எவரையும் சேர்க்காதீர்கள். “இங்க ஒண்ணும் வாங்காதடா” என்று ஒரே வரியில் கூட்டத்தைக் கலைத்துவிடுவார்.

படி 2: வீட்டுக்காக வாங்குங்கள்.
குரங்குக் குல்லா ஒன்று, அத்தை பின்னிய ஸ்வெட்டர் ஒன்று, கடைக்காரர் “சுவிட்சர்லாந்துக்கே இதான் சார் போகுது” என்று சத்தியம் செய்த ஜெர்கின் ஒன்று. இவை குளிரைத் தடுக்குமா என்பது கேள்வியே இல்லை. அம்மா இரவில் தூங்க வேண்டும். 23 கிலோ பெட்டியில் அவர் நிம்மதிக்கு இரண்டு கிலோ ஒதுக்குவது பிள்ளையின் கடமை.

படி 3: ஆகஸ்டில் போய் இறங்கி, ஏமாறுங்கள்.
வெயில் அடிக்கும், அரைக்கை சட்டை போதும். “இதுவா குளிர்?” என்று ஸ்டேட்டஸ் போட உகந்த மாதம். நவம்பர் நான்காம் வியாழன் நன்றி நாள், மறுநாள் பிளாக் ஃப்ரைடே, கோட்டுக்குத் தள்ளுபடி கிடைக்கும் என்று கணக்குப் போடுவீர்கள். 2014-இல் பனியும் ஒரு கணக்குப் போட்டது. நன்றி நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்து, தெற்குப் புறநகர்களில் சில நாட்களுக்குள் 5 அடிக்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. அக்டோபருக்குள் வாங்கிவிடுங்கள்.

படி 4: எதிரியின் முகவரியை அறியுங்கள்.
அது ஈரி ஏரி. ஏரி உறையும்வரை, அதன் மேல் வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ஊர் தலையில் பனியாகக் கொட்டும். ஒரு பருவத்துக்குச் சராசரியாக 8 அடி. ஆனால் ஜனவரிப் பகல் பூஜ்யத்தை ஒட்டியே நிற்பதால், விழுந்த பனி உருகி, சாலையில் தூவிய உப்போடு கலந்து, கணுக்கால் அளவு சேறாகிவிடும். குழு இரண்டு மணி நேரம் குளிரைப் பற்றிப் பேசியது. நனைவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

படி 5: காசைக் காலில் கொட்டுங்கள்.
தண்ணீர் புகாத பூட்ஸ், கணுக்காலுக்கு மேல் உயரம், ஆழமான வரிகளுள்ள ரப்பர் அடிப்பாகம். கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். விரல்கள் உள்ளே அசைய வேண்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி காலுறையைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். இந்தியாவில் 8 போடும் ஆண்பிள்ளைக்கு அமெரிக்க அளவு ஏறக்குறைய 9. “எட்டுதான் வேணும்” என்று கடையில் மல்லுக்கு நின்றால், ஊர்ப்பெருமை நிலைக்கும், கட்டைவிரல் நிலைக்காது. ஷூ மேல் பூக்கும் உப்புக் கறையை வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தால் போகும்.

படி 6: கோட்டுக்குள்ளே கவனியுங்கள்.
ஒரே மொத்தக் கோட்டை நம்ப வேண்டாம். உடம்பை ஒட்டி தெர்மல், அதன் மேல் ஃபிளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத, இடுப்புக்குக் கீழே இறங்கும், தலைமூடி வைத்த கோட். பருத்தி பனியனை உள்ளே போட்டால், ஹீட்டர் போட்ட வகுப்பறையில் வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் காற்று வீசும்போது வட்டியோடு திருப்பித் தரும். இறகு அடைத்த ஜாக்கெட் லேசானது, கதகதப்பானது, நனைந்தால் சுருண்டுவிடும். ஈரப்பனி ஊரில் செயற்கை இழை அடைத்ததே உழைக்கும். படிப்பை முடித்துக் கிளம்பும் சீனியரிடம் கோட்டைப் பாதி விலைக்கு வாங்கலாம். அவர் கால் வாகுக்குத் தேய்ந்த பூட்ஸை மட்டும் வாங்காதீர்கள்.

படி 7: அப்பாவிடம் கணக்குச் சொல்லுங்கள்.
இதுதான் எல்லாவற்றிலும் வழுக்கலான இடம். பூட்ஸ் விலையை டாலரில் மட்டும், வேகமாக, இருமலோடு சேர்த்துச் சொல்லவும். அவர் மனசுக்குள் பெருக்கி முடித்து, “செருப்புக்கா இவ்வளவு?” என்று ஆரம்பிப்பதற்குள், “கிளாஸுக்கு நேரமாச்சுப்பா” என்று போனை வைத்துவிடவும்.